படத்தில் இல்லாத கல்

செல்வரட்ணம் வீட்டுப் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ரோல்ஸ் தட்டு மூன்றாவது முறை சுற்றி வந்தபோது, மகேந்திரராஜா மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினார்.

"ஒரு மலையை விழுத்தின தமிழனை நீங்கள் ஆரும் பாத்திருக்கிறியளோ? இஞ்சை இருக்கிறன், வடிவாப் பாருங்கோ."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாதிப்பேர் முன்பே கேட்ட கதைதான். இருந்தாலும் அவர் சொல்கிற விதம் நன்றாக இருக்கும். எழுந்து நின்று, இல்லாத ஒரு தூணில் உள்ளங்கையை மெல்ல வைத்து, அது சரிவதைக் கண்களாலேயே மேலிருந்து கீழாகப் பின்தொடர்வார். "தொட்டனான், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான வருசம் காத்துக்கும் மழைக்கும் விழாமல் நிண்டது. அல்வாய் ஊரான் ஒருத்தன் போய்த் தொட்டான், பொத்தெண்டு போச்சு."

"அண்ணை, நல்ல காலம் நீங்கள் கண்ணாடி பூட்டப் போனீங்கள். கோபுரம் கட்டப் போயிருந்தால் எங்கடை கதி என்ன?" என்றார் செல்வரட்ணம்.

மறுபடி சிரிப்பு. அவருடைய மனைவி சந்திரகாந்தியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் யாராவது கவனிப்பார்கள். பிறகு, வெறுமையாகாத தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக் கைகளைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தபடி நின்றாள். அந்தக் கல்தூணை விழுத்தியது அவருடைய கை அல்ல என்பது உலகத்தில் ஒரேயொரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவள்தான்.

சந்திரகாந்திக்கு ஐம்பத்தொரு வயது. ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பகல் முழுவதும் மனிதர்களைத் தூக்கி, திருப்பி, கழுவி, உடுத்தி, அவர்களுடைய வலிகளைக் கேட்டுக்கொண்டிருப்பவள். மகள் மிதுசா வேலை கிடைத்து மியூனிக் போன வருடம், வெறுமையான வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் மாலைநேரப் புகைப்பட வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். மற்றவர்கள் பூக்களையும் துறைமுகத்தையும் படம்பிடித்தபோது அவளுக்குக் கற்களில் ஆசை வந்தது. ஏனென்று வகுப்பை நடத்திய திருமதி லூடர்ஸ் கேட்டதற்கு, "கல்லு என்னட்டை ஒண்டும் கேக்காது" என்பதை அவள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். முதலில் ஹார்ட்ஸ் மலைக் குகைகளுக்குப் போனாள். பிறகு எல்பே ஆற்றங்கரை மணற்கல் பாறைகளுக்கு. அப்படியே ஆசை வளர்ந்து அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனம் வரை போயிற்று.

மகேந்திரராஜாவுக்குப் படம் எடுப்பதில் ஒரு நாட்டமும் கிடையாது. அவர் ஒரு கண்ணாடிப் பொருத்துநர். முப்பத்தொரு வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை. சட்டம் போட்ட ஜன்னலிலிருந்து இரண்டு மாடி உயரக் கடைமுகப்பு வரை பூட்டியிருக்கிறார். அந்த முப்பத்தொரு வருடத்தில் நாலே நாலு கண்ணாடிதான் தன் கையால் உடைந்தது என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தவர். அதில் ஒன்று கடும் குளிரில் தானாக வெடித்தது, அதையும் நேர்மையாகச் சேர்த்துத்தான் நாலு. அவர் அவளோடு பாலைவனத்துக்குப் போனது கார் ஓட்டவும் முக்காலியைச் சுமக்கவும்தான். அதோடு, மனைவி ஒன்றில் இவ்வளவு சந்தோசப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவும்.

ஒன்றரை வருடத்துக்கு முன், ஒக்டோபர் மாதம் அந்தப் பயணம் நடந்தது. லாஸ் வேகாஸில் கார் எடுத்துக்கொண்டு யூட்டாவின் தெற்குப் பக்கமும் அரிசோனாவின் வடக்கு எல்லையுமாக இரண்டு வாரம் அலைந்தார்கள். காலை வெயில் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி, குகை ஒன்றின் உள்கூரையைத் தணல்போல் ஆக்குகிற அந்தப் பத்து நிமிடத்துக்காக அவள் இரண்டு மணி நேரம் காத்திருப்பாள். அவர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு நிழலில் படுத்திருப்பார். இடையிடையே எழுந்து, "உந்தப் பாறை ஆறு மீற்றர் நாப்பது வரும்" என்று கண்ணாலேயே அளந்து சொல்வார். அன்பாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் அப்படி இரண்டு வாரம் அவர்களுக்கு முன்பு கிடைத்ததில்லை.

பதினோராவது நாள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். மண்பாதை முடிகிற இடத்தில் ஒரு பலகை இருந்தது: பாறைகளில் ஏறாதீர்கள், தொடாதீர்கள், எதையும் நகர்த்தாதீர்கள். அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. வற்றிய ஓடையின் வளைவு ஒன்றில் அது நின்றது. இரண்டு ஆள் உயரச் செம்மணற்கல் தூண், மேலே ஒரு கறுத்த பாறை மூடிபோல் உட்கார்ந்திருந்தது. கீழ்ப்பகுதி அரிக்கப்பட்டு அவளுடைய இடுப்பின் சுற்றளவுக்குத்தான் இருந்தது. அதற்குப் பின்னால், சரியாக இடப்பக்கத்தில், ஒரு குகை வாய். உள்ளே நீல நிழல். சிவப்பும் கறுப்பும் நீலமும் ஒரே சட்டத்துக்குள் அப்படி வந்து பொருந்துவதைப் பார்த்ததும் அவள் கமராவை வெளியே எடுத்தாள்.

முதல் படத்தை எடுத்து, கமராவின் சின்னத் திரையில் பார்த்தாள். தூணின் அடியில் ஒரு சாம்பல் நிறக் கல் கிடந்தது. சின்ன மணைப் பலகை அளவு, தட்டையானது. அந்தச் சிவப்புக்கு நடுவே யாரோ வீசிவிட்டுப் போன பிளாஸ்ரிக் பைபோல் கண்ணை உறுத்தியது. வலப்பக்கம் இரண்டு அடி நகர்ந்தால் கல் மறையும், ஆனால் குகையும் மறையும். மகேந்திரராஜா ஓடைக்குள் இறங்கி வளைவுக்கு அப்பால் போயிருந்தார். அவள் தூணடியில் குந்தி அந்தக் கல்லை இழுத்தாள்.

சும்மா கிடக்கிற கல் என்றுதான் நினைத்தாள். அது சும்மா கிடக்கவில்லை. ஒரு பக்கம் தூணுக்குக் கீழே செருகியிருந்தது. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுத்தபோது இறுகலாக வந்தது. வந்த பிறகு, அது இருந்த பொந்திலிருந்து மண் கொட்டத் தொடங்கியது. சாக்கில் ஓட்டை விழுந்ததுபோல, மெல்லிய கோடாக, நிற்காமல். அவள் கையில் கல்லோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மண் நின்றுவிட்டது. தூண் அப்படியே நின்றது. அவள் கல்லைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து படத்தை எடுத்தாள். அழுத்தும்போதே தெரிந்தது. தன் ஆயுளில் எடுத்த படங்களில் அதுதான் மிகச் சிறந்தது.

மகேந்திரராஜா திரும்பி வந்தார்.

"இஞ்சாருங்கோ, உதுக்குப் பக்கத்திலை போய் நில்லுங்கோ. எவ்வளவு உயரம் எண்டு படத்திலை தெரியவேணும்."

அவர் போய் நின்றார்.

"கையை ஒருக்காத் தூணிலை வையுங்கோ."

"தொடவேண்டாம் எண்டு பலகையிலை போட்டிருக்கு, காந்தி."

"ஒரு செக்கன்தானே. வையுங்கோ."

அவர் வைத்தார். கண்ணாடியில் கை வைக்கிற மாதிரி, பாரம் கொடுக்காமல், விரல்களை விரித்து மெல்ல வைத்தார். அவள் கமராவை அழுத்தினாள். தூண் அவருக்கு எதிர்ப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. அவர் பின்னால் பாய்ந்தார். கறுத்த மூடிப்பாறை முதலில் விழுந்தது, பிறகு தூண் மூன்று துண்டாகியது. சத்தம் குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. செம்புழுதி அடங்கியபோது மகேந்திரராஜா தரையில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பில் இரத்தம். அதை அவர் பார்க்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ காந்தி, நான் என்ன செய்துபோட்டன்?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று பின்னர் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். ஆனால் வெளியே வந்தது வேறு.

"சரி விடுங்கோ. நீங்கள் என்ன வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

ஆறுதல் சொல்கிற குரல்தான். அதற்குள் பழி முழுவதும் அவருடைய தலையில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. காயத்துக்குக் கட்டுப்போட அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். உட்கார ஏதாவது தேடிய அவர், பத்தடி தள்ளிக் கிடந்த சாம்பல் நிறக் கல்லில் போய் உட்கார்ந்தார். அவள் அவருக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கட்டுப் போட்டாள்.

போகிற வழியில், அந்தப் பள்ளத்தாக்கைப் பராமரிக்கும் காரியாலயத்தில் சொல்லிவிட்டுப் போவோம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அன்று ஞாயிறு, கதவு பூட்டியிருந்தது. "பேந்து எழுதுவம்" என்று அவள்தான் சொன்னாள்.

ஹம்பேர்க் திரும்பிய பிறகு அவர் அந்தக் கதையைப் பகிடியாக்கிக்கொண்டார். ஆட்கள் கூடுகிற இடத்தில் அவராகவே சொல்லிச் சிரிக்கவைப்பார். வீட்டில் பகிடி இல்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். ஜனவரியில் ஒரு பல் வைத்தியசாலைக்குப் பூட்டப்போன கண்ணாடி அவருடைய கையிலிருந்து வழுக்கி உடைந்தது. ஐந்தாவது. பெப்ரவரியில் ஆறாவது. "கை நடுங்குது" என்றார். நரம்பு வைத்தியரிடம் சந்திப்பு நேரம் எடுத்துக் கொடுத்தது சந்திரகாந்தி. கூடப் போனதும் அவள்தான். வைத்தியர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, ஊசியால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மகேந்திரராஜா சொன்னார்: "அவருக்கு விளங்கேல்லை. கையிலை ஒண்டுமில்லை. எவ்வளவு பாரம் குடுக்கிறன் எண்டது எனக்குத் தெரியாமல் போச்சு. அண்டைக்குக் கல்லிலை மெல்லத்தான் வைச்சனான் எண்டு நினைச்சன். அப்ப என்ரை மெல்ல எண்டது மெல்ல இல்லை."

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

அந்த வருட மே மாதமே அவர் தன் மேலதிகாரியான மைஸ்ரரிடம் தானாகக் கேட்டுக் களஞ்சியத்துக்கு மாறிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் ஏணியிலும் சாரத்திலும் நின்ற மனிதன், பெட்டிகளில் இலக்கம் ஒட்டினார். ஒவ்வொரு மாலையும் சுத்தமான சட்டையோடு வீடு திரும்புவார். அந்தச் சட்டையைத் தோய்க்கப் போடும்போதெல்லாம் அதில் ஒரு கறையாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். இன்றைக்குச் சொல்லவேண்டும் என்று நினைப்பாள். பிறகு, ஒரு வருடம் கழித்து எப்படிச் சொல்வது என்று நினைப்பாள். நாள் போகப் போக அந்தக் கல்லைவிட அந்த நாட்கள் பாரமாயின.

படங்களை அழித்துவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தாள். அழிக்கவில்லை.

இந்த வருடம் மார்ச்சில், புகைப்படக் குழு பகுதி நூலகத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவானது. திருமதி லூடர்ஸ் வீட்டுக்கு வந்து சந்திரகாந்தியின் மடிகணினியில் படங்களைப் பார்த்துத் தெரிவுசெய்தார். குகைகள், செங்குத்துப் பாறைகள், உப்புப் படிந்த பள்ளங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவரின் விரல், தெரியாமல் பக்கத்திலிருந்த கோப்புறையையும் திறந்துவிட்டது.

"இது என்ன? இதை ஏன் இவ்வளவு காலம் ஒளித்து வைத்திருந்தாய்?"

தூணும் குகையும். சாம்பல் கல் இல்லாத படம்.

"அது வேண்டாம்" என்று சந்திரகாந்தி சொன்னாள். ஒரு தரம்தான் சொன்னாள். திருமதி லூடர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பதினேழு வருடமாக வகுப்பு எடுக்கிறேன், என் மாணவர் ஒருவர் எடுத்ததிலேயே இதுதான் சிறந்த படம் என்றார். யாரும் அவளிடம் வாழ்க்கையில் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. இரண்டாவது தரம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கண்காட்சி தொடங்கிய சனிக்கிழமை மாலை, அந்தப் படம் ஒரு மீற்றர் அகலத்தில் வாசலுக்கு நேரே தொங்கியது. வேலை முடிந்து நேராக வந்த மகேந்திரராஜா அதன் முன்னால் நின்றுவிட்டார். சந்திரகாந்தி அப்பிள் சாறு வைத்திருந்த மேசைக்குப் பக்கத்திலிருந்து அவருடைய முதுகைப் பார்த்தாள். அழித்துவிட்டதாகச் சொன்னாயே என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் திரும்பி அவளைத் தேடி, தலையை ஆட்டிப் புன்னகைத்தார். நல்லாயிருக்கு என்பதுபோல. அந்தப் புன்னகையை அவளால் தாங்க முடியவில்லை.

உயரமான, வயதான ஜெர்மன்காரர் ஒருவர் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். அழகு, எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கவேண்டும் என்று தனக்குள்போல் சொன்னார்.

"இப்போது பார்க்க முடியாது" என்றார் மகேந்திரராஜா ஜெர்மனில். "அது விழுந்துவிட்டது. விழுத்தியது நான்."

ஆட்கள் சிரிப்பதற்காக அவர் வழக்கமாகச் சொல்கிற தொனி இல்லை. அந்த மனிதரும் சிரிக்கவில்லை. எப்படி என்று கேட்டார். கையை வைத்தேன் என்று இவர் சொன்னார். தொடக்கூடாது என்று அறிவிப்பு இருக்கவில்லையா என்று கேட்டார். இருந்தது, வாசித்தேன் என்று இவர் சொன்னார். அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களைப் போன்றவர்களால்தான் எல்லா இடத்தையும் வேலி போட்டு அடைக்க வேண்டியிருக்கிறது."

மகேந்திரராஜா தலையைக் குனிந்து, "ஆம், உண்மைதான்" என்றார். ஆறடி தள்ளி நின்ற சந்திரகாந்தி எல்லாவற்றையும் கேட்டாள். ஆறு அடிதான். அவளால் அந்த ஆறு அடியை நடக்க முடியவில்லை. யாரோ அவளுடைய கையைப் பிடித்துப் பாராட்ட, அவள் நன்றி சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைத் தேநீர் முடிந்ததும் மகேந்திரராஜா கோடு போட்ட தாள் ஒன்றோடு சமையலறை மேசைக்கு வந்தார். அவருடைய உருண்டையான கையெழுத்தில் ஜெர்மனில் எழுதியிருந்தது.

"அந்த ஒப்பீசுக்கு எழுதிப்போட்டன். அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். நேத்து அந்த மனிசன் கேட்டது நியாயம்தானே. நீர் உதை ஒருக்கா ரைப் பண்ணித் தாரும். மிதுசாவுக்கு அனுப்பினால் இங்கிலிசிலை மாத்தித் தருவாள்."

அவள் மடிகணினியைத் திறந்து தட்டத் தொடங்கினாள். பொன்னையா மகேந்திரராஜா ஆகிய நான். திகதி. இடம். அனுமதியில்லை என்று தெரிந்தும். எனது சொந்தக் கவனயீனத்தால். ஜெர்மனில் கவனயீனம் என்பது ஒரு நீளமான சொல். அதன் பாதியில் அவளுடைய விரல்கள் நின்றன.

"என்ன, என்ரை எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்குது. இது உண்மையில்லை."

"எது?"

அவள் முதல் படத்தையும் கண்காட்சிப் படத்தையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். மகேந்திரராஜா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் தூணைப் பார்த்தார், குகையைப் பார்த்தார், என்ன காட்டுகிறாள் என்று அவளைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு அவருடைய விரல் திரையின் இடப்பக்கப் படத்தில், தூணின் அடிக்குக் கிட்டப் போய் நின்றது.

"உது மற்றப் படத்திலை எங்கை?"

"நான் எடுத்தனான்."

"ஏன்?"

"படத்துக்கு வடிவில்லை எண்டு."

அவர் வேலைத்தலத்தில் கேட்பதுபோல் கேட்டார்.

"இழுக்கேக்கை லேசா வந்ததோ, இறுகி வந்ததோ?"

"இறுகி."

"மண் கொட்டிச்சுதோ?"

இல்லை என்று சொல்லலாம். அதைப் பார்த்தவர் வேறு யாருமில்லை. படத்தில் அது பதியவும் இல்லை.

"ஓம். கொஞ்ச நேரம் கொட்டிச்சுது. நான் நிண்டு பாத்தனான்."

"உது கட்டை, காந்தி" என்றார் அவர் மெதுவாக. "நாங்கள் ஒரு கண்ணாடியையும் சும்மா சட்டத்துக்குள்ளை வைக்கிறேல்லை. கீழை கட்டை வைச்சு அதிலைதான் நிறுத்துறது. கட்டையை உருவினால் பிறகு ஆர் தொட்டாலும் ஒண்டுதான், தொடாட்டிலும் ஒண்டுதான்." விரலைத் திரையிலிருந்து எடுத்து, "அதுக்குப் பிறகுதான் என்னைப் போய்க் கையை வைக்கச் சொன்னனீர்" என்றார்.

"விழாது எண்டு நினைச்சன். சத்தியமா."

"என்ரை பக்கம் விழுந்திருந்தால்?"

ஒன்றரை வருடமாகத் தன் குற்றத்தை எத்தனையோ பக்கமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்க்கத் துணியவில்லை.

"சரி, கல்லு போனது போகட்டும்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அண்டைக்குப் பயந்துபோய்ச் சொல்லேல்லை, அது விளங்குது. நீர் என்னோடை டொக்டரிட்டை வந்தனீர். அந்தாள் என்ரை விரலை ஒவ்வொண்டா மடக்கிப் பாக்கேக்கை பக்கத்துக் கதிரையிலை இருந்தனீர். எனக்குக் கையிலை வருத்தமில்லை எண்டு அந்த அறையிலை உமக்குத்தானே தெரியும்?"

"என்னை மன்னிச்சு..."

"இப்ப வேண்டாம்."

அவர் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னேரம் பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். பாணை மேசையில் வைத்தார், தலையணையை எடுத்துக்கொண்டு மிதுசாவின் அறைக்குப் போனார். போகும்போது அந்தக் கோடு போட்ட தாளை நாலாக மடித்து அவள் முன்னால் வைத்தார்.

"இதை நீர் எழுதும். உம்மடை பேரிலை."

அவள் எழுதினாள். சுருக்கமாக எழுதப் பார்த்து, சுருக்கமாக எழுதினால் பொய்போல் இருக்கிறதென்று மறுபடி எழுதினாள். கல் இறுகி வந்தது, மண் கொட்டியது, பார்த்தேன், பிறகு கணவரை நிற்கச் சொன்னேன் என்று எழுதினாள். மொழிபெயர்க்கச் சொல்லி மிதுசாவுக்கு அனுப்பினாள். ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது.

"அம்மா, இது உண்மையா?"

"ஓம்."

"அப்பாவுக்கு எப்ப சொன்னனீங்கள்?"

"இண்டைக்குக் காலமை."

"மாத்தி அனுப்புறன்" என்றாள் மிதுசா. "ஆனா இப்ப என்னாலை உங்களோடை கதைக்க ஏலாது. பேந்து எடுக்கிறன்." அந்தப் பேந்து வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் நூலகத்துக்குப் போய்த் திருமதி லூடர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். படம் இன்னமும் நல்ல படம்தான், நடந்ததைக் கீழே எழுதித் தொங்கவிடுவோம் என்று அவர் யோசனை சொன்னார். சந்திரகாந்தி வேண்டாம் என்றாள். இந்த முறை மூன்று தரம் சொன்னாள். தானே ஏணியில் ஏறிப் படத்தை இறக்கினாள். சனிக்கிழமை வந்த அந்த உயரமான முதியவர் யாரென்று விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அங்கே போய் இருந்து பார்த்தாள். அவர் வரவில்லை. இந்த நகரத்தில் எங்கோ ஒரு மனிதர் தன் கணவனை இன்னமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்பதை அவளால் மாற்ற முடியவில்லை.

செல்வரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவருடைய சிரிப்பு நின்று, "அண்ணை எப்பிடி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார். அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

ஐந்து கிழமை கழித்து அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. அரைப்பக்கம். தகவலுக்கு நன்றி, பதிவேட்டுக்காக இரண்டு படங்களின் மூலப் பிரதிகளையும் அனுப்பவும், அந்த வகைத் தூண்கள் அரிப்பினால் தாமாகவும் விழுவதுண்டு, எதனால் விழுந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, இனிமேல் எந்தக் கல்லையும் நகர்த்தவேண்டாம். அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். ஏச்சு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

மகேந்திரராஜா நின்றபடியே அதை வாசித்தார்.

"தானாயும் விழுந்திருக்கலாம் எண்டு எழுதியிருக்கினம்."

"ஓம்."

"உமக்கு அப்பிடிப் படுதோ?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். ஐந்து கிழமையில் முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் மைஸ்ரரிடம் மறுபடி பேசியதை அவளிடம் சொல்லவில்லை. மே மாதம் ஒருநாள் மத்தியானம், வேலை நேரம் மாறி வேறொரு தடத்தில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அவள் அவரைக் கண்டாள். தெருவோரத்தில் ஒரு வெதுப்பகத்துக்கு முகப்புக் கண்ணாடி பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் இன்னொருவரும் அந்தப் பெரிய கண்ணாடியை உறிஞ்சுபிடிகளால் தூக்கிச் சட்டத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள். அவள் அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்து, எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தின் மறைவில் நின்றாள். அவர் குனிந்து அடியைப் பார்த்தார், ஏதோ சொன்னார், மற்றவர் அரை விரலளவு உயர்த்தினார். கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து ஒருமுறை மெல்ல அழுத்தினார். அவளுக்கு அழுகை வந்தது. தெருவைக் கடந்து போகத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அன்று மாலை இருவரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பஸ் தரிப்பிலை நிண்டனீர், கண்டனான்" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி.

"ஓம்."

"ஏன் வரேல்லை?"

"உங்களுக்கு இடைஞ்சல் எண்டு."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு இன்னும் ஆறேல்லை, காந்தி."

"தெரியும்."

"ஆறினால் சொல்லுறன். நீர் கேட்டுக்கொண்டு நிக்கவேண்டாம்."

"சரி."

"உந்தச் சொதியை இஞ்சாலை தள்ளிவிடும்."

அவள் தள்ளிவிட்டாள். அவர் ஊற்றிக்கொண்டு, மீதியை அவளுடைய பக்கம் நகர்த்தி வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் மிதுசாவின் அறைக்குப் போனார். இன்று கதவை முழுவதுமாகச் சாத்தவில்லை. அது மறதியா வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மேசையைத் துடைத்து, தட்டுகளைக் கழுவி வைத்தாள்.